குடியேறிய ஊரிலும் குடிமராமத்து

தமிழகத்தின் தென்கோடியிலிருந்து மும்பை மாநகருக்குக் குடிவந்தோர், தம்முடன் என்னென்ன கொண்டுவந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. தெய்வங்களைக் கொண்டுவந்தனர், தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயில்கள் எழுந்தன. மொழியைக் கொண்டுவந்தனர், பள்ளிகளும் மன்றங்களும் தோன்றின. இட்டலியையும் தோசையையும் கொண்டுவந்தனர். அவை இன்று மராட்டிய இல்லங்களிலும் காலை உணவாகிவிட்டன. ஆனால் பெட்டியில் வைத்துக் கொண்டுவர இயலாத பொருள் ஒன்றும் ஊரில் இருந்தது. அதுதான் ஊருணி. அதனோடு சேர்ந்து ஊரிலேயே தங்கிவிட்டது ஒரு நற்பழக்கம்: மழைக்கு ஓர் இடம் அமைத்து, அவ்விடத்தை ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர்வாரிக் காக்கும் பழக்கம். அதனைக் குடிமராமத்து என்று வழங்கினர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. மும்பையிலோ ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர். மூன்று மடங்கு மழை பெய்யும் ஊருக்கு வந்தபின், மழையைச் சேர்த்து வைப்பதைப் பற்றி எவரேனும் கவலைப்படுவரோ? படமாட்டார். ஆயினும் அந்தக் குறைந்த மழையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் குடித்த மக்கள், இந்த மிகுந்த மழைக்கு நடுவே குடத்தை ஏந்தி வரிசையில் நின்றனர். இஃது ஏன் என்ற வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

மலைச்சரிவில் ஒரு வரிசை

நாங்கள் வளர்ந்தது பாண்டுப் மேற்கின் மலைச்சரிவில். டெம்பிபாடா, துல்ஷேத்பாடா, கிண்டிபாடா என்று படிப்படியாக மேலேறும் அக்குடியிருப்புகளை நம் வாசகருள் பலர் அறிவர். தந்தையார் ஆலைத் தொழிலாளி. தாயார் தாமிரபரணி பாயாத, வானம் பார்த்த நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். 1980களில் அச்சரிவில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு அடிவாரத்துப் பொதுக்குழாயில் நீர் வரும்; ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். பிள்ளைகளாகிய நாங்கள் குடங்களையும் கேன்களையும் முன்னிரவிலேயே வரிசையில் வைத்துவிட்டு வருவோம். தமிழ், மராத்தி, இந்தி, போஜ்புரி என நான்கு மொழிகளில் சண்டை நடக்கும். நிறைந்த குடத்தோடு மலையேறும்போது, சிந்தும் ஒவ்வொரு துளிக்கும் தாயாரிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. எங்கள் குடிசைகளுக்கு அருகே, அதே மலையின் மடியில்தான் பாண்டுப் நீர்த்தூய்மை நிலையம் இருக்கிறது. ஆசியாவின் மிகப்பெரிய நிலையங்களுள் ஒன்று அது. நாளொன்றுக்கு இருநூறு கோடி லிட்டருக்கும் மேலான நீரைத் தூய்மை செய்து மாநகரத்திற்கு அனுப்பும் ஆற்றல் உடையது. மாநகரத்தின் தாகத்தைத் தணிக்கும் நீர் எங்கள் காலடியில் உருண்டோடியது. எங்கள் குடத்திற்கு மட்டும் அது மலையேறி வரவில்லை.

மழைக்காலம் வந்தால் தாயாரின் முகம் மலரும். பத்ரா எனப்படும் தகரக் கூரையின் விளிம்பில், பிளந்த மூங்கில் ஒன்றைச் சாய்த்துக் கட்டுவார். அதன் முனையில் ஹண்டாவை வைத்து, வாயில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டுவார். ஆனால் முதல் மழையில் அதைச் செய்ய ஒருநாளும் ஒப்பமாட்டார். “முதல் மழை வானத்தைக் கழுவும், இரண்டாம் மழை கூரையைக் கழுவும், மூன்றாம் மழைதான் வயிற்றுக்கு” என்பார். மழைநீர் சேகரிப்பு என்று இன்று பொறியாளர் கூறும் முறையின் மூன்று அங்கங்களும் இதில் அடங்கிவிட்டன. கூரை நீரைப் பிடிக்கும் பரப்பு, முதல் நீரை ஒதுக்குவது தூய்மைக்கு வழி, துணி வடிகட்டி. எழுத்தறியாத ஒரு பெண்மணி இதனை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பயிலவில்லை. ஊருணிக் கரையில் பயின்றார்.

யாருடைய நீர்?

மும்பையின் குழாய்களில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1860 ஆம் ஆண்டில் விகார் ஏரி அமைந்தது. 1879 இல் துளசி ஏரி வந்தது. இவ்விரண்டும் நகரத்தின் எல்லைக்குள், நம் பாண்டுப்பிற்கு அண்மையில் உள்ளவை. நகரம் பெருகப் பெருக, நீரைத் தேடும் கைகளும் நீண்டன. 1892 இல் தான்சா, 1957 இல் மோடக் சாகர், 1973 இல் மேல் வைதர்ணா, அதன்பின் பாட்சா, 2014 இல் நடு வைதர்ணா என்று ஏழு நீர்நிலைகள் ஆயின. தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களின் மலைகளில் பெய்யும் மழையே நூறு கிலோமீட்டர் வரை குழாய்களில் பயணம் செய்து நம் வீட்டை அடைகிறது.

அந்த நீர்நிலைகள் பலவற்றைத் தன்னகத்தும் அருகிலும் கொண்டது ஷாஹாபூர் வட்டம். அங்குள்ள ஆதிவாசிச் சிற்றூர்கள் பலவற்றில், ஏப்ரல், மே மாதங்களில் கிணறுகள் வற்றிவிடும். பெண்கள் குடத்தைத் தலையில் சுமந்து நெடுந்தொலைவு நடப்பர். அரசு டாங்கர்களில் நீர் அனுப்பும். அணையின் நீர் அவர்கள் வாயிலைக் கடந்து மும்பைக்கு வருகிறது. அவர்களுக்கோ நீர் வண்டியில் வருகிறது. நம் குளியலறையில் வீணே வழியும் நீருக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை எண்ணினால், குழாயைத் திருகும் கை சற்றே தயங்கும். நம் மாடியின்மீது விழும் மழையோ எவருடைய வாயிலையும் கடந்து வந்ததன்று. அதனைப் பயன்படுத்துவதில் பிறருக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. அதனை வீணாக்குவதிலோ இரட்டைக் குறை உண்டு. நமக்குப் பயன்படாமல் போவது ஒன்று. சாக்கடையை நிறைத்துத் தெருவை வெள்ளக்காடாக்குவது மற்றொன்று.

2005 ஆம் ஆண்டு சூலை 26 ஆம் நாளை மும்பைவாழ் தமிழர் எவரும் மறக்கமாட்டார். சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடியில் ஆண்டு முழுதும் பெய்வதைக் காட்டிலும் அது மிகுதி. 2021 சூலை 18 அன்று பெய்த பெருமழையிலோ பாண்டுப் நீர்த்தூய்மை நிலையத்திற்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இயந்திரங்கள் நின்றன, நகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தடைப்பட்டது, நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மாநகராட்சி வேண்டிக்கொண்டது. அதே இரவில் செம்பூரிலும் விக்ரோலியிலும் மலைச்சரிவில் இருந்த வீடுகள் இடிந்து பலர் மாண்டனர். மழை மிகுந்ததால் குடிநீர் இல்லாமற்போன நாள் அது. மழையை நிறுத்தி வைக்கத் தெரியாத நகரம், மழை பெய்தாலும் துன்புறும், பெய்யாவிடினும் துன்புறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மலையின் மறுபுறம்

பாண்டுப்பின் மேற்கே தெரியும் இம்மலைத்தொடரின் மறுபுறத்தில், போரிவலி வனப்பூங்காவின் உள்ளே, கான்ஹேரி குகைகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கட்டுச்சோற்றுடன் செல்வோர் பலர். அவர்களுள் மழைநீரைக் காணும் கண்ணோடு செல்வோர் சிலரே. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவியர் அக்கருங்கல் மலையைக் குடைந்து வாழத் தொடங்கினர். ஆயிரம் ஆண்டுக்காலம் அவ்வாழ்வு தொடர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்கு உண்டு. ஆறு ஓடாத அம்மலையில் அத்துணைப் பேர் எதனைக் குடித்தனர்? குகைகளின் அருகே பாறையில் வெட்டப்பட்ட நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. பாறை முகட்டில் விழும் மழையை அத்தொட்டிகளுக்கு இட்டுச்செல்லச் சிறு வாய்க்கால்கள் செதுக்கப்பட்டுள்ளன. கல்யாண், சோப்பாரா முதலிய ஊர்களின் வணிகரும் பிறரும் குகைகளோடு நீர்த்தொட்டிகளையும் அறமாக வெட்டிக் கொடுத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன.

அம்மலையில் பெய்த அதே மழைதான் எங்கள் சரிவிலும் பெய்தது. அவர்களுக்கு அது குடிநீராயிற்று. எங்களுக்கு அது வீட்டினுள் புகும் சேறாயிற்று. வேறுபாடு மழையில் இல்லை. வெட்டி வைத்த தொட்டியில் இருந்தது.

நம் இலக்கியமும் இதனை அறியாததன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், நிலம் பள்ளமாகிய இடமெல்லாம் நீர்நிலை பெருகச் செய்யுமாறு அவனுக்கு அறிவுரை கூறியது புறநானூற்றில் பதிவாகியுள்ளது. போரில் வென்ற மன்னனிடம் புலவர் குளம் வெட்டச் சொன்னார் என்பது எத்துணைப் பெருமிதத்துக்குரியது!

கட்டடத்தில் ஒரு கணக்கு

காலம் மாறியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நிலங்களில் அடுக்குமாடிகளும் வணிக மாளிகைகளும் எழுந்தன. நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எங்களுக்கும், கடன் வாங்கி, ஏழுமாடிக் கட்டடம் ஒன்றில் இல்லம் வாய்த்தது. முப்பத்திரண்டு குடும்பங்கள்; மராட்டியர், குசராத்தியர், மலையாளிகள், உத்தரப் பிரதேசத்தார், தமிழர் என்று ஒரு சிறு பாரதமே அதில் குடியிருக்கிறது.

மும்பை மாநகராட்சி 2002 ஆம் ஆண்டிலேயே, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2007 இல் அவ்வரம்பு 300 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னாளில் அளவு மாற்றம் பெற்றபோதும் கடமை நீங்கவில்லை. எனவே எங்கள் கட்டடத்தின் வரைபடத்திலும் மழைநீர்க் குழி ஒன்று அழகாக வரையப்பட்டிருந்தது. ஒரு மே மாதத்தில் டாங்கர் செலவு சொசைட்டியின் இருப்பை விழுங்கிவிட்ட நிலையில், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் சிலர் அக்குழியைத் தேடிப் புறப்பட்டோம். வாகனம் நிறுத்துமிடத்தின் மூலையில், கல்மூடியின் கீழ் அது கிடைத்தது. திறந்து பார்த்தால், கட்டிய நாளின் சிமெண்டுக் கழிவும் உடைந்த ஓடுகளும் நிறைந்து இறுகிப் போயிருந்தன. மாடியிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களுள் ஒன்றுகூட அதனோடு இணைக்கப்படவில்லை. நான்கும் நேரே சாக்கடையில் முடிந்தன. சான்றிதழ் பெறுவதற்காகப் பிறந்த குழி, சான்றிதழ் கிடைத்த அன்றே மாண்டுபோயிற்று.

அலுவலகக் கோப்புகளோடு வாழ்கின்ற எங்களுக்குக் கணக்கு எழுதுவது கைவந்த கலை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் மொட்டைமாடி 400 சதுர மீட்டர். மழையை 2,000 மில்லிமீட்டர் என்றே கொண்டாலும் 8 இலட்சம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் முதல் நீரை ஒதுக்குவதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், 6,40,000 லிட்டர் எஞ்சும். பத்தாயிரம் லிட்டர் டாங்கர்களாக எண்ணினால் அறுபத்து நான்கு. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நடுவணரசு வகுத்த அளவு. குடும்பத்துக்கு நால்வர் என்றால், எங்கள் கட்டடம் முழுமைக்கும் முப்பத்தேழு நாள்களுக்குப் போதுமான நீரை ஆண்டுதோறும் சாக்கடைக்குத் தானம் செய்துகொண்டிருந்தது!

இக்கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்தபோது கைதட்டல் எழவில்லை. “முப்பத்தேழு நாள்தானே? மீதி நாளுக்கு டாங்கர்தானே?” என்றார் ஒருவர். “கொசு வரும்” என்றார் மற்றொருவர். “பில்டர் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்பது மூன்றாமவரின் வினா. மூன்றும் நியாயமான வினாக்களே. கூட்டம் கலைய இருந்த வேளையில், இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எழுந்தார். எங்கள் மாடியில் அவரை அனைவரும் காகா என்று அழைப்போம். “எங்கள் கொங்கணத்தில் மும்பையைவிட மிகுதியாக மழை பெய்யும். மே மாதத்தில் எங்கள் ஊருக்கும் டாங்கர்தான் வரும். மழைக்குக் குறைவில்லை, அதை ‘இரு’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை” என்றார். எங்கள் கணக்கு செய்யாததை அம்முதியவரின் சொல் செய்தது. குடும்பத்துக்கு மூவாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. இரு குடும்பங்கள் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.

செய்த வேலை எளியது. நான்கு குழாய்களையும் ஒன்றாக இணைத்தோம். முதல் மழையின் அழுக்குநீர் வெளியேறத் திருகுமூடியுடன் ஒரு கிளைக்குழாய் வைத்தோம். குழியைத் தூர்வாரி, அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, கரி, மணல் என அடுக்கி வடிகட்டி அமைத்தோம். வடிந்த நீர் முதலில் பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்குச் செல்லும். அங்கிருந்து, கழிவறைக்கென மாடியில் தனியே உள்ள தொட்டிக்கு ஏற்றப்படும். மிஞ்சும் நீர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும். குடிப்பதற்கு இந்நீரைப் பயன்படுத்தவில்லை, ஏரிநீரே வருகிறது. மழை பெய்யும் நான்கு மாதங்களில் கழிவறைக்கும் படிக்கட்டுக் கழுவுவதற்கும் ஏரிநீரைத் தொடுவதே இல்லை என்னும் நிலை மட்டும் வந்திருக்கிறது. நம் நிலம் கருங்கல் பாறை. மணற்பாங்கான நிலம்போல் அது நீரை உறிஞ்சாது. வெடிப்புகளின் வழியே மெல்லக் கொள்ளும். ஆதலால் ஏப்ரலில் கிணற்றின் நீர் தாழ்ந்துவிடுகிறது. மே மாதத்தில் வாரம் இருமுறை வந்த டாங்கர் இன்று ஒருமுறை வருகிறது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

கட்டுதலும் காத்தலும்

இங்கே தாயகத்தின் பட்டறிவையும் நினைவுகூர்தல் தகும். 2003 ஆம் ஆண்டில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றின் வாயிலாக, புதியன பழையன என்னும் வேறுபாடின்றி எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சில திங்களுக்குள் சென்னையின் வீடுதோறும் குழாய்கள் இறங்கின. அதன்பின் வந்த நல்ல மழைக்காலங்களில் கிணறுகளில் நீர் உயர்ந்தது. நாடே வியந்த செயல் அது. ஆயினும் 2019 ஆம் ஆண்டுக் கோடையில் அதே சென்னைக்குச் சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. மழை பொய்த்ததும் ஏரிகள் சுருங்கியதும் காரணங்கள். வீட்டு வாயிலில் அடைபட்டுக் கிடந்த வடிகட்டிகளும் ஒரு காரணமாம். சட்டம் குழியை வெட்டச் செய்யும். ஆண்டுதோறும் அதனைத் தூர்வார எந்தச் சட்டமும் வீட்டுக்கு வீடு வந்து நிற்காது.

இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஏரியை வெட்டியவன் பெயர் கல்வெட்டில் நின்றது. ஏரியைக் காத்தவர்களோ பெயரற்ற ஊரார். கோடையில் ஒரு நாளைக் குறித்து, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, வரத்துக்காலை வெட்டிச் சீர்செய்து, கரையை உயர்த்தினர். 1858 இல் ஆங்கில அரசு இதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதியது. உவப்போடு செய்தது ஆணையாக மாறியபின் அப்பழக்கம் மெல்லத் தேய்ந்தது. 2017 இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே திட்டமொன்றைத் தொடங்கியது. பெயருக்கே அத்துணை வலிமை உண்டு.

அடுக்குமாடிக்கும் ஒரு குடிமராமத்து உண்டு, அது கடினமானதன்று. மே இறுதிக்குள் மொட்டைமாடியைப் பெருக்கிக் கழுவுதல். அங்குக் குவிந்த பழம்பொருள்களை அகற்றுதல். குழாய் வாய்களின் வலைகளைத் தூய்மை செய்தல். வடிகட்டியின் மேல்மணலை மாற்றுதல். முதல் இரண்டு மழைகளை வெளியேற்றிவிட்டுத் திருகுமூடியை அடைத்தல். தொட்டியின் மூடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளியும் இல்லாமல் காத்தல். கொசு என்ற அச்சத்திற்கு இதுவே மருந்து. அக்டோபரில் மீண்டும் ஒருமுறை திறந்து பார்த்தல். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

வணிகக் கட்டடங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. ஓர் அங்காடி மாளிகையின் கூரை பத்துக் குடியிருப்புகளின் மாடிக்கு நிகர். அங்கே பெரும்பகுதி நீர் கழிவறைக்கும் குளிர்சாதனக் கோபுரங்களுக்குமே செலவாகிறது. ஓரளவு வடிகட்டிய மழைநீரே இப்பணிகளுக்குப் போதும். தொழிற்கூடம் வைத்திருக்கும் நம்மவரும், கோயில், பள்ளி, மன்றம் ஆகியவற்றை நடத்தும் பெரியோரும் தத்தம் கூரையின் பரப்பை ஒருமுறை அளந்து பார்ப்பாராக. பெருக்கல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே மீதியைச் சொல்லிவிடும்.

எங்கள் கட்டடத்தில் சென்ற மே மாதம் தூர்வாரிய நாளில், பிள்ளைகள் பன்னிருவர் வாளியோடு வந்தனர். குழியின் அடியில் இறங்கியவன் ஒரு மராட்டியச் சிறுவன். மேலிருந்து கயிற்றைப் பிடித்தவள் எங்கள் மகள். “இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?” என்று அவன் கேட்டான். மகள் எங்களைப் பார்த்தாள். குடிமராமத்து என்றோம். அவன் அதைத் திருத்தமாகச் சொல்ல மூன்று முறை முயன்றான். மூன்றாம் முறை வந்துவிட்டது. ஊருணியை இரயிலில் ஏற்றிக் கொண்டுவர இயலாது. அதன் பெயரையும் அதனைக் காக்கும் முறையையும் கொண்டுவர இயலும். இம்மலரைக் கையில் ஏந்தும் ஒவ்வொரு குடும்பமும், அடுத்த மழைக்குமுன் தம் மாடிக் குழாய் எங்கே சென்று முடிகிறது என்பதை ஒருமுறை இறங்கிப் பார்க்குமாயின், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைக்கும் பெரும்பேறு ஆகும்.